ஈர விறகு நின்று எரியுமா?

"பச்சை விறகுதான் நின்று எரியும், காய்ந்தது பஞ்சாகப் பறந்துவிடும்." பாய்லர் வைத்திருக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. நின்று எரிவதாகத் தெரிவது உண்மைதான். அந்த நேரத்தில் நெருப்பு என்ன வேலை பார்க்கிறது என்பதுதான் கேள்வி. பச்சைக் கட்டை ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு அதன் வெட்டு முனையைப் பாருங்கள். உஸ்ஸென்று நுரை தள்ளும். பாய்லர் தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால் கட்டைக்குள் இருக்கிற தண்ணீர் கொதிக்கிறது.

பாதிக்குப் பாதி ஈரமுள்ள ஒரு டன் விறகில் 500 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்க மட்டும் சுமார் 3 லட்சம் கிலோகலோரி போகும். மிச்சமுள்ள கட்டை தருவதே 22 லட்சம் அளவில்தான். ஏழில் ஒரு பங்கு வீண். அதைவிடப் பெரிய நட்டம் எடை மேடையிலேயே நடந்துவிடுகிறது. விறகு விலை கொடுத்து அரை டன் தண்ணீரை வாங்கியிருக்கிறோம்! 20 சதவீத ஈரம் வரை காய்ந்த சரக்கு என்றால் அதே ஒரு டன்னில் 800 கிலோ கட்டை இருக்கும்.

அதற்காக, ஈரச் சரக்கு எல்லாமே மட்டம் என்று ஒதுக்குவதும் தவறு. ஆலையிலிருந்து வரும் கரும்புச் சக்கையில் பாதி ஈரம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலும் ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர் உண்டு. 1962 முதல் அதில் மின்சாரம் எடுக்கிறோம். அந்த உலைகளை அந்த ஈரத்துக்கென்றே கட்டியிருக்கிறார்கள். நிலக்கரிக்குக் கட்டிய சின்ன பாய்லரில் சக்கையை அள்ளிப் போட்டால் நெருப்பு அணையத்தான் செய்யும்.

கரும்புகை வந்தால் தீ நன்றாகப் பிடித்துவிட்டது என்பார்கள். அந்தக் கறுப்பு, எரியாமல் போன கரி. காற்று போதவில்லை என்று அர்த்தம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இன்னொன்று: "சிமெண்ட் ஆலையில் டயர் எரிக்கிறார்களே, செங்கல் காளவாயில் எரித்தால் என்ன?" சிமெண்ட் சூளையில் சுடர் 2,000 டிகிரியைத் தொடும், கல் 1,450 டிகிரியில் வேகும். புகை அந்தக் கடும் சூட்டில் சில விநாடிகள் தங்கித்தான் வெளியேறும். டயரின் கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். உள்ளிருக்கும் கம்பிகூட சிமெண்டுக்கு வேண்டிய இரும்பாகிவிடும். காளவாயில் சூடு 1,000 டிகிரியை ஒட்டித்தான். கந்தகத்தைப் பிடிக்கச் சுண்ணாம்பும் கிடையாது. மேல் துளை வழியே டயர்த் துண்டு விழுந்ததும் பாதி வெந்த புகை கிளம்பி, அங்கேயே குடிசை போட்டுத் தங்கியிருக்கும் தொழிலாளிகளின் பிள்ளைகள் மூச்சில் ஏறுகிறது.

சிமெண்ட் ஆலையாலும் எல்லாக் குப்பையையும் விழுங்க முடியாது. பி.வி.சி. குழாயின் மூலப்பொருளில் பாதிக்கு மேல் குளோரின். அது மிகுந்தால் உப்பாகப் படிந்து, சூளைக்கு மேலே இருக்கும் சைக்ளோன்களை அடைத்துவிடும். வருகிற பிளாஸ்டிக்கை அங்கே சோதித்துப் பிரித்த பிறகே உள்ளே விடுகிறார்கள்.