“ஒரு நிமிஷம், அம்மா!”



இரவு செபமாலைக்குக் குடும்பம் முழங்காலிலிருக்கிறது. மூத்த மகனின் ஒரு கையில் செபமாலை. மறு கையில் செல்போன். “அதைக் கீழே வை” என்கிறார் தாயார். “ஒரு நிமிஷம், அம்மா!” என்கிறான் மகன். அந்த ஒரு நிமிஷம் நடுச்சாமம் வரை நீளுவதை நம்மில் பலர் அறிவோம்.

செல்போன் வைத்திருப்பது பாவமா? அல்ல. பாடம் படிக்கவும், தூரத்து உறவினரோடு பேசவும் உதவுகிற கருவி அது. கருவி எஜமானாகும்போதுதான் கேடு வருகிறது.

எஜமானாகிவிட்டதென்று எப்படி அறிவது? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில், செல்போன், கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு அடிமையாவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன் அடையாளங்கள் மூன்று: நிறுத்த நினைத்தும் கூடாமை, மற்றக் கடமைகளுக்கு மேலாக விளையாட்டை வைத்தல், தீங்கு கண்டும் விடாதிருத்தல். இவை சாதாரணமாக ஓராண்டளவு நீடித்தால்தான் வைத்தியர் நோய் என்பார். ஆகையால் விடுமுறையில் நாலு நாள் அதிகம் விளையாடிய பிள்ளையை நோயாளி என்று தூற்றலாகாது.

குற்றம் பிள்ளையுடையது மாத்திரமுமல்ல. ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானே ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். நிறுத்த ஓர் இடமே இல்லை. வளர்ந்த நாமே அதில் சிக்குகிறோமே!

2025 செப்டம்பர் 7-ல் அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தப்பட்ட கார்லோ அகூத்திஸ், 2006-ல் தமது 15-ம் வயதில் மரித்தவர். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர். ஆயினும் விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமே என்று தமக்குத்தாமே வரம்பு வைத்தார் என்பர். அதே திறமையைக் கொண்டு திவ்விய நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து உலகறியச் செய்தார். அவர் கருவியை வெறுக்கவில்லை, அதை ஆண்டார். இதுவே இச்சையடக்கம் என்னும் புண்ணியம்.

இவ்வாரத் தீர்மானம்:

1. சாப்பாட்டு வேளையிலும் செபவேளையிலும் வீட்டார் எல்லாருடைய செல்போனும் ஓரிடத்தில் ஒதுங்கியிருக்கட்டும், தகப்பனாருடையது முதலாவதாக.

2. இரவில் பிள்ளைகள் படுக்குமிடத்தில் அது வேண்டாம். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் அவசியம்.

3. கோபத்தில் பிடுங்காதேயுங்கள். பிள்ளையோடு பேசி நேரத்தைக் குறியுங்கள், குறித்ததில் உறுதியாயிருங்கள். மிஞ்சும் நேரத்துக்குப் பந்தாட்டமோ, பாடற்குழுவோ, உங்கள் பேச்சுத்துணையோ கொடுங்கள்.

ஆத்தும சோதனைக்கு ஒரு கேள்வி: நேற்று அதே பிள்ளை நம்மைக் கூப்பிட்டபோது, செல்போனிலிருந்து கண்ணெடாமல், “ஒரு நிமிஷம்” என்று சொன்னது யார்?