படைத்துணையும் அதன் விலையும்
(வரலாற்றுப் பாடம்)

ஒரு நாடு தன் நட்பு நாட்டிற்குப் படைக்கலம் வழங்கியது என்னும் செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றது. 'வழங்கியது' என்ற சொல்லைப் படித்துவிட்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றோம். அது கொடையா, கடனா, விற்பனையா, பெற்றவர் பின்னர் எதனைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது என்று நம் இல்லத்துப் பிள்ளைகள் கேட்டால் விடை கூற நம்மில் பலர் தயங்குவோம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் விதி. ஆகவே வாஷிங்டனிலிருந்தும் மாஸ்கோவிலிருந்தும் தொடங்காமல், நம்மவர் அறிந்த பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலிருந்து தொடங்குவோம்.

பழனிக்கு மேற்கே உள்ள ஐவர் மலைக்கு நம் சமூகத்தினர் சென்று வழிபட்டு வருவதுண்டு. சகம் 792, அதாவது கி.பி. 870, வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு அங்கு உள்ளது. சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்த செய்தியை அது கூறுகின்றது. (அதனைப் பாராமலே திரும்பிவிடுவோர் மிகுதி என்பது நமக்குள்ள தனி வருத்தம்.) திண்டுக்கல்லிலிருந்து அம்மலைக்குச் செல்லும் வழியில், ஒட்டன்சத்திரத்தைக் கடந்ததும் விருப்பாட்சி என்னும் ஊர் வருகின்றது. மலைவாழைப் பழத்தால் பெயர் பெற்ற ஊர். தெற்கே பழனி மலைகள் சுவரென நிற்கின்றன. மலைமேல் இன்றுள்ள கோடைக்கானல் நகரம் 18-ஆம் நூற்றாண்டில் இல்லை. வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி 1821-இல் அம்மலைகளை அளந்தார். அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் அங்கு வீடு கட்டினர். அதற்கு முன்னர் இப்பகுதியின் அரசியல் அடிவாரத்துப் பாளையங்களிலேயே நடந்தது. அவற்றுள் ஒன்று கோபால் நாயக்கரின் விருப்பாட்சிப் பாளையம்.

1772 ஜூன் மாதம் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்காகக் கும்பினிப் படை சிவகங்கைச் சீமைக்குள் புகுந்தது. கப்பம் செலுத்தவில்லை என்பது நவாபு கூறிய காரணம். காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதத் தேவர் கொல்லப்பட்டார். அரசி வேலுநாச்சியார் மகள் வெள்ளச்சியுடனும், அமைச்சர் தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர் ஆகியோருடனும் தப்பி விருப்பாட்சிக்கு வந்து அடைக்கலம் புகுந்தார். விருப்பாட்சியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. திண்டுக்கல் கோட்டை அப்போது மைசூர் ஐதர் அலியின் கையில் இருந்தது. நவாபின் அதிகாரம் எட்டாத, பகைவனின் பகைவன் ஆளும் எல்லைக்குள் அவ்வூர் இருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் தாண்டவராய பிள்ளை ஐதர் அலிக்குக் கடிதம் எழுதினார். 5000 குதிரை வீரரும் 5000 காலாட்களும் அனுப்பினால் சீமையை மீட்டுவிடலாம் என்பது வேண்டுகோள். ஓர் அரசு மற்றோர் அரசிடம் எண்ணிக்கை குறித்துப் படைத்துணை கேட்ட இக்கடிதத்தையே நாம் இன்றைய பாடத்தின் மூலபாடமாகக் கொள்வோம். சிவகங்கை மீண்டது எப்போது? 1780-இல். இடையில் எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. கடிதம் எழுதிய அமைச்சரும் அம்மீட்சியைக் காண உயிருடன் இல்லை.

எட்டு ஆண்டுகள் ஏன் ஆயின என்பதே மாணவர் கேட்க வேண்டிய வினா. பாடநூல்கள் பெரும்பாலும் 1772-க்கு அடுத்த வரியில் 1780-ஐ எழுதிவிடுகின்றன. விடை சிவகங்கையில் இல்லை. மைசூரின் கணக்கில் உள்ளது. ஐதர் அலியும் முன்பு ஒருமுறை படைத்துணைக்காகக் காத்திருந்து ஏமாந்தவர். 1769-இல் சென்னையில் கும்பினியுடன் அவர் செய்த உடன்படிக்கையில், எவரேனும் தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவுவதென ஒரு விதி எழுதப்பட்டது. மராத்தியர் 1771-இல் மைசூரைத் தாக்கித் தோற்கடித்தபோது கும்பினி ஒரு படையையும் அனுப்பவில்லை. அதன் பின்னர் சில ஆண்டுகள் அவர் இழந்த நிலங்களை மீட்பதிலும், குடகு, சித்திரதுர்க்கம் முதலிய இடங்களைப் பிடிப்பதிலும் முனைந்திருந்தார். அக்காலத்தில் நவாபின் எல்லைக்குள் படை செலுத்தினால் கும்பினியுடன் முழுப்போர் மூளும். ஓர் அரசிக்காக அதனை மேற்கொள்ள அவர் அணியமாக இல்லை. தம் எல்லையில் பாதுகாப்பாகத் தங்க விட்டார், அவ்வளவே.

1779-இல் நிலை மாறியது. மேற்குக் கடற்கரையிலுள்ள மாஹி பிரெஞ்சுக்காரரின் துறைமுகம். ஐதர் அலிக்குப் பிரெஞ்சுப் படைக்கலங்கள் அவ்வழியே வந்தன. கும்பினி அந்த ஆண்டு மாஹியைக் கைப்பற்றியது. படைக்கலம் வரும் வாயில் அடைபட்டதும் ஐதர் அலி போருக்கு எழுந்தார். 1780 ஜூலையில் கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். நவாபின் படைகள் வடக்கே சிக்கியிருக்க, தெற்கே சிவகங்கை மீள்வது அப்போது அவருடைய போருக்கும் பயன் தந்தது. வேலுநாச்சியார் கேட்ட உதவி அந்த ஆண்டு கிடைத்தது. கேட்டவரின் தேவை எட்டு ஆண்டுகளும் ஒன்றாகவே இருந்தது. கொடுத்தவரின் தேவை 1780-இல்தான் பிறந்தது. அரசியின் வீரத்தை இக்கூற்று சிறிதும் குறைப்பதன்று. எட்டு ஆண்டுகள் தம் மக்களைச் சிதறாமல் காத்து, வாய்ப்பு வந்த நாளில் அணியமாக நின்றாரே, அதனை வியவாமல் இருக்க இயலாது.

அவ்வுதவியின் ஆயுளும் குறுகியது. 1782 டிசம்பரில் ஐதர் அலி மறைந்தார். மறு ஆண்டே புல்லர்டன் தலைமையில் கும்பினிப் படை சிவகங்கைக்கு வந்து பணம் பெற்றுத் திரும்பியது.

எதிர்ப்பக்கத்தில் நவாபும் படைத்துணை வாங்கியவரே. ஆனால் விலைக்கு வாங்கினார். கும்பினிப் படை அவருக்காகப் போரிட்ட ஒவ்வொரு முறையும் செலவு அவர் கணக்கில் ஏறியது. கட்டப் பணமில்லாமல் சென்னையிலிருந்த ஆங்கிலேயரிடமே அவர் வட்டிக்குக் கடன் வாங்கினார். கடன் கொடுத்தோருள் கும்பினியின் ஊழியரும் இருந்தனர். பால் பென்பீல்டு என்பவர் அவர்களுள் பெயர் போனவர். படைக்குக் கூலி வாங்குபவர் ஒருபுறம், அக்கூலியைக் கட்டக் கடன் தருபவர் மறுபுறம், இருவரும் ஒரே அலுவலகத்தார்! இந்த ஊழலை எட்மண்டு பர்க் 1785-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் கண்டித்துப் பேசினார். 1792 உடன்படிக்கையில் நவாபு ஆண்டுதோறும் படைச்செலவுக்காக 9 இலட்சம் வராகன் கட்ட ஒப்பினார். பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமையும் கும்பினிக்குச் சென்றது. 1801 ஜூலையில் நாடே சென்றது. எந்தக் கப்பத்திற்காக 1772-இல் படை அழைத்தாரோ, அக்கப்பத்தைத் தண்டும் உரிமையே முதலில் பறிபோயிற்று.

அடைக்கலம் தந்த விருப்பாட்சி என்னவாயிற்று? 1792-இல் திப்பு சுல்தான் தோற்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை எழுதியபோது திண்டுக்கல் சீமை கும்பினிக்குக் கைமாறியது. கோபால் நாயக்கரை எவரும் கேட்கவில்லை. அவர் பின்னர் திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரரை ஒன்றுகூட்டிக் கும்பினியை எதிர்த்தார். வெளித்துணை தேடித் தூதும் அனுப்பினார். துணை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1801-இல் அவர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அந்த ஆண்டு டிசம்பர் முதல் நாள் கும்பினி அரசு வெளியிட்ட பிரகடனம் தென்சீமை மக்கள் படைக்கலம் வைத்திருப்பதையே தடை செய்தது.

இனி நம் காலத்திற்கு வருவோம். முறைகள் விரிந்துள்ளன, கணக்கு பழையதே. அமெரிக்கா 1941-இல் இயற்றிய கடன்–குத்தகைச் சட்டத்தின்படி இங்கிலாந்திற்கும் ரஷ்யாவிற்கும் போர்த்தளவாடங்களை அனுப்பியது. இன்று அந்நாட்டு அரசு தொழிற்சாலையிடம் தானே வாங்கி நட்பு நாட்டிற்கு விற்கின்றது; பெரிய விற்பனைகளைத் தன் பாராளுமன்றத்திற்கு முன்கூட்டியே அறிவிக்கின்றது. சில நாடுகளுக்கு வாங்கும் பணத்தையும் தானே கொடையாக அளிக்கின்றது. 2016-இல் இஸ்ரேலுடன் செய்த ஒப்பந்தம் பத்தாண்டுகளுக்கு 3800 கோடி டாலர். அத்தகைய கொடைப்பணத்தின் பெரும்பகுதி அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கே திரும்பிச் செல்லும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வாங்கிய கருவியைக் கொடுத்தவரின் இசைவின்றி மூன்றாம் நாட்டிற்கு மாற்றவும் கூடாது.

நம் நாடு இதனைப் பட்டறிந்துள்ளது. 1954-இல் அமெரிக்கா பாகிஸ்தானுக்குப் படையுதவி அளிக்க முன்வந்தபோது, அது இந்தியாவிற்கு எதிராகப் பயன்படாது என ஐசனோவர் நேருவிற்கு எழுதினார். 1965-இல் பேட்டன் டாங்கிகள் பஞ்சாபின் கரும்பு வயல்களில் நின்றன. அப்போரின்போது அமெரிக்கா இரு நாடுகளுக்கும் வழங்கலை நிறுத்தியது; அமெரிக்கக் கருவிகளையே நம்பியிருந்த பாகிஸ்தானுக்கு அடி கடுமையாயிற்று. 1962-இல் சீனப் படையெடுப்பின்போது நேரு கேட்டதும் அமெரிக்காவும் இங்கிலாந்தும் துப்பாக்கி முதலியன அனுப்பின. உடனே காஷ்மீர் குறித்துப் பாகிஸ்தானுடன் பேசுமாறும் வற்புறுத்தின. சோவியத் யூனியன் மிக் விமானங்களைத் தந்தது, ரூபாயிலேயே விலை பெற்றது, இங்கேயே செய்யவும் இசைந்தது. அதனினும் நல்ல நட்பு அக்காலத்தில் நமக்கில்லை. ஆயினும் 1991-இல் அந்நாடு உடைந்தபோது உதிரிப்பாகங்களுக்கு நம் படைகள் அலைந்தன. உக்ரைனுக்குத் தந்துவந்த உதவியை அமெரிக்கா 2025 மார்ச்சில் சில நாட்கள் நிறுத்திப் பின் தொடர்ந்தது. போரிடுவோருக்கு அச்சில நாட்களின் நீளம் எத்தகையது என்பதை விருப்பாட்சியில் காத்திருந்தோர் அறிவர்.

இந்தியா இப்போது கொடுப்போர் வரிசையிலும் சேர்ந்துள்ளது. வியட்நாமிற்கு 2016-இல் 50 கோடி டாலர் பாதுகாப்புக் கடன் அறிவித்தது; 2023-இல் 'கிர்பான்' என்னும் போர்க்கப்பலைக் கொடையாகவே தந்தது. ரஷ்யாவுடன் கூட்டாக உருவாக்கிய பிரமோஸ் ஏவுகணைகளைப் பிலிப்பைன்ஸ் நாட்டிற்கு ஏறத்தாழ 37.5 கோடி டாலருக்கு விற்க 2022-இல் ஒப்பந்தமாயிற்று. 2024 ஏப்ரலில் முதல் தொகுதி சென்றது. தமிழகத்திலும் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து இடங்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அமைக்கின்றனர்.

இங்குதான் இவ்வினா ஏட்டிலிருந்து நம் இல்லத்திற்குள் நுழைகின்றது. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் இல்லறத்தாரின் அநர்த்த தண்ட விரதத்தைக் கூறுமிடத்து, கொலைக்கு ஏதுவான கருவிகளைப் பிறர்க்கு அளித்தலை இம்சாதானம் எனப் பெயரிட்டு விலக்குகின்றது. வாளும் கோடரியும் நெருப்பும் சங்கிலியும் அங்கு எண்ணப்பெறுகின்றன. அநர்த்தம் என்பது பயனின்றிச் செய்வது, தற்காப்பு பயனற்றதன்று, நாட்டைக் காக்கும் விரோதி இம்சை இல்லறத்தார்க்கு விலக்கப்படவில்லை என்று சான்றோர் விளக்குவர். நாமும் அதனை ஏற்கின்றோம். ஆவடியில் செய்யும் டாங்கி நம் எல்லையைக் காக்கும் என்று நம் குடும்பத்துப் பொறியாளர் அமைதி கொள்ளலாம். அவர் செய்த கருவி வேறொரு நாட்டிற்கு விலையாகிச் சென்றபின் எவர் மீது, எந்த ஆண்டில், எதற்காகப் பாயும் என்பதை அவர் அறியார். விற்ற அரசும் முழுமையாக அறியாது. பேட்டன் டாங்கியைக் கொடுத்தவர் அறிந்தா கொடுத்தார்? இப்பணியை ஏற்போரையும் விலகுவோரையும் நாம் குறை கூறோம். கொடுத்ததோடு என் பொறுப்பு தீர்ந்தது என்னும் வாதத்திற்கு மட்டும் அந்நூலில் இடம் காணவில்லை.

பெற்றோருக்கு ஒரு பயிற்சி தருகின்றோம். தென்னிந்திய வரைபடம் ஒன்றை விரித்துச் சிவகங்கை, விருப்பாட்சி, திண்டுக்கல், ஸ்ரீரங்கப்பட்டணம், மாஹி, சென்னை ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு குறிக்கச் செய்க. ஒவ்வோர் ஊரின் அருகிலும் யார் கொடுத்தார், யார் பெற்றார், எந்த ஆண்டு என எழுதச் செய்க. அடுத்த முறை படைக்கலம் 'வழங்கிய' செய்தி நாளிதழில் வரும்போது அதனைக் கத்தரித்து ஒட்டி, அதே மூன்று வினாக்களுடன் 'ஏன் இந்த ஆண்டு?' என்னும் நான்காவதையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்.