கேட்பதும் செவிசாய்ப்பதும்

பழைய ஆங்கில வேதாகமத்தைப் படிக்கும்போது 'ஹார்க்கன்' என்னும் வினைச்சொல்லை நீங்கள் அடிக்கடி சந்தித்திருப்பீர்கள். இன்று ஆங்கிலேயரின் பேச்சில் இச்சொல் இல்லை. அகராதியில் 'கேள்' என்று பொருள் கண்டு அத்துடன் நின்றுவிடுவோர் பலர். அவ்வாறு நின்றால் வசனத்தின் உயிர்நாடியைத் தவறவிடுவோம்.

'ஹியர்' என்பது ஒலி காதில் விழுவதைக் குறிக்கும். 'ஹார்க்கன்' என்பதோ மனங்கொடுத்துக் கேட்பதையும், கேட்டபடி நடப்பதையும் குறிக்கும். அதன் அமைப்பையும் கவனியுங்கள். 'ஹியர்' செயப்படுபொருளை நேரே ஏற்கும். 'ஹார்க்கன்' பெரும்பாலும் 'டு', 'அன்டு' என்னும் இடைச்சொற்களோடு வரும். தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. 'குரலைக் கேட்டான்' என்பது இரண்டாம் வேற்றுமை. 'குரலுக்குச் செவிசாய்த்தான்' என்பது நான்காம் வேற்றுமை. முன்னதற்குக் காது போதும். பின்னதற்கு மனமும் வேண்டும்.

சாமுவேல் முதல் நூல் 15ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அமலேக்கியரின் ஆடுமாடுகளுள் ஒன்றையும் விட்டுவைக்கலாகாது என்ற கட்டளை சவுல் அரசனின் காதில் விழாமலில்லை. ஆயினும் சிறந்தவற்றை ஒதுக்கி வைத்து, பலியிடுவதற்கே வைத்தோம் என்றான். பலியினும் கீழ்ப்படிதலே மேல் என்று சாமுவேல் அவனைக் கண்டித்தார். 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் பதிப்பும், கத்தோலிக்கரின் டூவே–ரீம்ஸ் பதிப்பும் அவ்விடத்தில் 'ஹார்க்கன்' என்றே எழுதின. அங்கே வெறுமனே 'கேட்டல்' என்று பொருள் கொண்டால், கேட்டிருந்த சவுலின் குற்றந்தான் என்ன?

கீழ்ப்படிதலைக் குறிக்கும் 'ஒபே' என்ற ஆங்கிலச் சொல்லும், கேட்டல் எனப் பொருள்படும் 'அவுதீரே' என்ற இலத்தீன் வினையின் வழிவந்ததே. நம் வீடுகளிலும் 'சொல்வழி கேளாத பிள்ளை' என்கிறோம். அப்பிள்ளைக்குச் செவிப்புலன் குறைவென்றா சொல்கிறோம்?

ஆகவே இச்சொல்லை மொழிபெயர்க்கும்போது 'செவிசாய்', 'செவிகொடு' என்பவற்றுள் இடத்துக்கேற்றதை எழுதுங்கள். ஞாயிறு தோறும் இறைவார்த்தையைக் கேட்டு வீடு திரும்பும் நாம், அவ்வார்த்தையைக் கேட்டோமா, அவ்வார்த்தைக்குச் செவிசாய்த்தோமா? ஒரு வேற்றுமை உருபில் அடங்கிய இவ்வினாவுக்கு நம் வாழ்வே விடை கூறவேண்டும்.