இரசாயனக் கலனில் பதிந்துள்ள குறியை வாசித்தல்

துப்புரவுப் பணி, நீச்சல் தடாகப் பராமரிப்பு முதலிய சிறுதொழில் புரிவோர் அமிலம், திரவக் குளோரின் போன்றவற்றைப் பிளாஸ்டிக் கலன்களில் ஏற்றிச் செல்கின்றனர். அக்கலனில் ஒரு வட்டத்துள் ‘யு’, ‘என்’ என்னும் ஆங்கில எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிந்திருக்கும். ஐக்கிய நாடுகள் சபையின் மாதிரி விதிகளின்படி அவ்வகைக் கலன் சோதனையில் தேறியது என்பதே அதன் பொருள்.

அருகில் நீண்ட குறியீடு ஒன்று இருக்கும். அதன் முதற் சாய்கோட்டினை அடுத்து வரும் எழுத்தைக் கவனியுங்கள். ‘எக்ஸ்’ எனில் மிகு அபாயம் உட்பட மூன்று தரப் பொருள்களுக்கும், ‘ஒய்’ எனில் நடுத்தர, குறைந்த அபாயப் பொருள்களுக்கும், ‘இசட்’ எனில் குறைந்த அபாயப் பொருள்களுக்கு மட்டுமே கலன் உரியது. விழுத்திப் பார்க்கும் சோதனையின் அடிப்படை உயரம் முறையே 1.8, 1.2, 0.8 மீற்றர். பிளாஸ்டிக் குளிரில் எளிதில் உடையும்; ஆதலால் அதனை மறை 18 பாகை செல்சியஸுக்குக் குளிர்வித்தே விழுத்துவர்.

பலர் பாராது விடுவது உற்பத்தித் திகதியை. அபாயகரமான திரவங்களை ஏற்றிச் செல்வதற்குப் பிளாஸ்டிக் கலன்களைப் பொதுவாக அத்திகதியிலிருந்து 5 ஆண்டுகள் வரையே பயன்படுத்தலாம். குறி அழியாதிருப்பினும் காலம் கடந்த கலன் அதற்கு ஏற்றதன்று. மூடியும் சோதனைக்கு உட்பட்டதே. வேறொரு மூடி இறுகப் பொருந்தினாலும் அச்சான்று அதற்குச் செல்லாது. மலிவாகக் கிடைக்கும் பழைய கலனை வாங்குமுன் ஆண்டையும் மூடியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.