தொலைபேசிச் சந்தா: விதிகளும் கட்டணங்களும் – வணிகர்கள் அறிய வேண்டியவை

தராசு, கல்லாப்பெட்டி, கணக்கு நோட்டு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக நம் கடைகளில் நிலையான இடம் பிடித்தது தொலைபேசி. தராசு நாம் விலை கொடுத்து வாங்கியது; அது நம் சொத்து. தொலைபேசி இணைப்பும் எண்ணும் அப்படியல்ல. தொடக்க நாள் முதல் இன்று வரை அவை சந்தாவுக்கு, அதாவது வாடகைக்கு, பெறப்படுபவையே. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் தொலைபேசி விதிகள் அனைத்தும் எளிதில் விளங்கும். மறந்தால் நஷ்டம் நமக்குத்தான். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டார வணிகர்களின் கவனத்திற்காக, பழைய சந்தா விதிகளையும் அவற்றிலிருந்து நாம் பெற வேண்டிய பாடங்களையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தொடக்கக் காலச் சந்தா

உலகின் முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகம் 1878 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 21 சந்தாதாரர்களுடன் தொடங்கியது. மாதச் சந்தா ஒன்றரை டாலர். ஒரு முறை பேசினாலும் நூறு முறை பேசினாலும் அதே தொகைதான். அடுத்த மாதம் அச்சான சந்தாதாரர் பட்டியல் ஒரே தாள். அதில் பெயர்கள் இருந்தன, எண்கள் இல்லை. பெயரைச் சொன்னால் இணைப்பகத்து ஊழியர் இணைத்து விடுவார்.

நான்கே ஆண்டுகளில் இத்தொழில் நம் நாட்டுக்கு வந்து விட்டது. ஓரியண்டல் டெலிபோன் கம்பெனிக்கு அரசு உரிமம் வழங்க, 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், சென்னை இணைப்பகங்கள் முறைப்படி திறந்து வைக்கப்பட்டன. சென்னை இணைப்பகம் ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டித் தெருவில் 17 இணைப்புகளுடன் தொடங்கியது. கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குச் சரக்கெடுக்கச் செல்லும் நம் மளிகை வியாபாரிகளுக்கு நன்கு பழக்கமான பகுதிதான் அது.

எவ்வளவு பேசினாலும் ஒரே சந்தா என்ற முறை அதிக நாள் நீடிக்கவில்லை. அமெரிக்காவில் மருந்துக் கடையில் ஒரு தொலைபேசி இருந்தால் அந்தத் தெருவே வந்து இலவசமாகப் பேசியது. எனவே கம்பெனிகள், சந்தா கட்டாத வெளியாருக்குப் பேசக் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை விதித்தன. அடுத்தபடியாக, பேசும் அழைப்புகளை எண்ணிக் கட்டணம் வாங்க முற்பட்டன. இதை எதிர்த்து ரோசெஸ்டர் நகரத்துச் சந்தாதாரர்கள் 1886 முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காலம் தொலைபேசியையே தொடாமல் ஒற்றுமையாக இருந்தார்கள். கட்டண விஷயத்தில் சங்கமாக நின்று பேசுவது நம் காலத்தில் தோன்றிய வழக்கம் அன்று என்பதற்கு இது சான்று.

டிரங்க் காலும் மீட்டரும்

சென்னையில் கம்பெனி வசம் இருந்த தொலைபேசி 1943-ல் அரசின் கைக்கு வந்தது. 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டமும், 1951-ஆம் ஆண்டின் தந்தி விதிகளும் சந்தாதாரரைக் கட்டுப்படுத்தின.

வெளியூர் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்து காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடம் ஓர் அலகு. அவசர அழைப்புக்கு இரட்டைக் கட்டணம். 'லைட்னிங்' அழைப்புக்கு அதற்கும் பல மடங்கு. குறிப்பிட்ட ஆளையே கூப்பிட்டுத் தரச் சொன்னால் பி.பி. கால், அதற்குத் தனிக் கட்டணம்.

1960 நவம்பர் 26-ல் லக்னோ–கான்பூர் இடையே எஸ்.டி.டி. தொடங்கியது. அதன் கணக்கு வேறு வகை. தூரம் கூடக் கூட மீட்டர் துடிப்புகளின் இடைவெளி குறையும். ஒரே நிமிடத்தில் அலகுகள் வேகமாக ஏறும். செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதியின் குறியீடு அந்நாளில் 04114. சென்னையின் குறியீடு 044. ஏறத்தாழ 55 கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தாலும், செங்கல்பட்டுக் கடைக்காரர் துவரம் பருப்பு விலை கேட்கச் சென்னைக்குப் பேசினால் அது எஸ்.டி.டி.தான். கேட்க வேண்டிய சரக்குகளைத் தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு பேசியவருக்குப் பில் குறைந்தது. ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவருக்கு ஏறியது. இரவு 11 மணிக்கு மேல் கால் பங்குக் கட்டணம் என்ற சலுகையும் பல ஆண்டுகள் இருந்தது. பின்னாளில் இப்பகுதி 044 குறியீட்டுக்குள் சேர்க்கப்பட்டது.

அக்காலத்து பில்லில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும். இரண்டு மாத வாடகை, இலவச அழைப்புகள் போக மீதி அழைப்புகளுக்கான கட்டணம், முன் பாக்கி, 1994 ஜூலை முதல் 5 சதவீத சேவை வரி. பேசாவிட்டாலும் வாடகை உண்டு. இணைப்பு பெறும்போது கட்டிய டெபாசிட் பில்லில் கழியாது; அது தனியாக நிற்கும்.

கடையில் பூத்

1980களின் பிற்பகுதியில் மஞ்சள் பலகை போட்ட எஸ்.டி.டி. – ஐ.எஸ்.டி. – பி.சி.ஓ. பூத்துகள் ஊரெங்கும் பெருகின. மளிகைக் கடை, மருந்துக் கடை ஓரத்திலேயே கண்ணாடி அறை கட்டியவர்கள் உண்டு. வெளிநாட்டுப் பயணிகள் வரும் மாமல்லபுரத்தில் ஐ.எஸ்.டி.க்குத் தேவை இருந்தது. வெளியாருக்குப் பேசக் கொடுக்காதே என்று தொடங்கிய தொழில், வெளியார் பேசினால் கடைக்காரருக்குக் கமிஷன் என்று மாறியது. ஆயினும் கடைக்காரர் இங்கும் வாடகைதாரர்தான். வசூலான பணம் முழுவதும் லாபம் என்று எண்ணிச் சரக்கில் போட்டு விட்டால், பில் வரும் நாளில் கையைப் பிசைய வேண்டியதுதான். கமிஷன் மட்டுமே நம்முடையது. மற்றது இலாகாவின் பணம்.

443-ஆம் விதி

தந்தி விதிகளில் வணிகர்களை அதிகம் பாதித்தது 443-ஆம் விதி. கெடு நாளுக்குள் வாடகையோ பிற கட்டணமோ செலுத்தாவிட்டால், அந்தச் சந்தாதாரர் வாடகைக்குப் பெற்றுள்ள எந்தத் தொலைபேசியையும் முன்னறிவிப்பின்றித் துண்டிக்கலாம் என்பது அதன் சாரம். 'எந்தத் தொலைபேசியையும்' என்ற சொல்லைக் கவனிக்கவும். ஒருவர் பெயரில் கடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றும் இருந்து, வீட்டு பில் பாக்கி நின்றால், கடைத் தொலைபேசியும் நின்று போக அந்த விதி இடம் கொடுத்தது. மீண்டும் இணைக்கப் பாக்கியோடு மறு இணைப்புக் கட்டணமும், துண்டிக்கப்பட்டிருந்த காலத்துக்கு இலாகா நிர்ணயிக்கும் வாடகையும் செலுத்த வேண்டும்.

சந்தாதாரர் தம் இஷ்டப்படி இணைப்பைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. சந்தாதாரர் இறந்து விட்டால் வாரிசுதாரர் உரிய சான்றுகளுடன் விண்ணப்பித்துப் பெயர் மாற்ற வேண்டும். கடையை விற்றால் எண்ணும் தானாகக் கூடவே போய்விடும் என்று எண்ணுவது தவறு.

இன்று கவனிக்க வேண்டியவை

தொலைபேசி சேவை 2000 அக்டோபர் 1 முதல் பி.எஸ்.என்.எல். வசம் சென்றது. தனியார் கம்பெனிகளும் செல்போனும் வந்து விட்டன. 1885 சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2024 முதல் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவரப்படுகிறது. கட்டண முறையும் சுற்றி வந்து, எவ்வளவு பேசினாலும் ஒரே தொகை என்ற 1878-ஆம் ஆண்டு நிலைக்கே திரும்பியுள்ளது. ஆனால் வாடகை என்ற அடிப்படை மாறவில்லை.

1. கடை எண் யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். வேலையாள் பெயரில் வாங்கிய சிம்மைக் கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சிட்டால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் எண்ணும் அவருடன் போகலாம். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அறியலாம்.

2. முன்பணச் சிம்மைப் பயன்படுத்தாமலும் ரீசார்ஜ் செய்யாமலும் விட்டு விடாதீர்கள். எண் நீக்கப்பட்டு, பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படும். வங்கிக் கணக்கும் யு.பி.ஐ.யும் அந்த எண்ணோடு இணைந்திருந்தால் ஆபத்து. எண்ணை விடும் முன் வங்கியில் மாற்றி விடுங்கள்.

3. கம்பெனி பிடிக்கவில்லை என்றால் எண்ணை விட வேண்டியதில்லை. 2011 ஜனவரி முதல் நாடெங்கும் அதே செல் எண்ணுடன் வேறு கம்பெனிக்கு மாறும் வசதி உள்ளது. பாக்கி இருந்தால் மாற்ற முடியாது.

4. தரைவழித் தொலைபேசியை ஒப்படைப்பவர்கள் டெபாசிட் ரசீதைத் தேடி எடுங்கள். பாக்கி போக மீதி உங்கள் பணம். எழுத்து மூலம் ஒப்படைத்து, ஒப்புகை பெற்று, டெபாசிட்டைக் கேட்டுப் பெறுங்கள். பேசுவதை மட்டும் நிறுத்தினால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

5. தொலைபேசிக் கட்டணத்தின் மீது 2017 ஜூலை முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளது. முறையான பதிவு பெற்றவர்கள் தம் ஜி.எஸ்.டி. எண்ணைக் கம்பெனியிடம் கொடுத்து பில்லில் பதியச் செய்தால், தொழிலுக்குப் பயன்பட்ட அளவுக்கு உள்ளீட்டு வரியைக் கழித்துக் கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

6. பில்லில் தவறு இருந்தால் கம்பெனியில் புகார் செய்து எண் பெறுங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். தொலைபேசி வழக்குகளுக்கு நுகர்வோர் மன்றத்தில் இடமில்லை என்று 2009-ல் வந்த தீர்ப்பால் இருந்த தடை, 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் நீங்கியது. வணிக நோக்கத்திற்கான சேவைகள் நுகர்வோர் சட்டத்தில் வராவிட்டாலும், சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் கடை நடத்துவோர் நுகர்வோரே.

வாடிக்கையாளர் பல ஆண்டுகள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண், கடையின் நற்பெயரில் ஒரு பங்கு. அந்த எண் நம்மிடம் இருப்பது விதிகளுக்கு உட்பட்ட வாடகையில்தான். எனவே ஒவ்வொரு வணிகரும் தம் தொலைபேசி ரசீது, டெபாசிட் சீட்டு, பெயர் விவரம் ஆகியவற்றைக் கடை வாடகை ஒப்பந்தம் வைத்திருக்கும் அதே கோப்பில் சேர்த்து வைக்குமாறு கேட்டுக் கொள்கிறோம்.