‘ஏம்மா, நாம கேரளாவா?’

ஆறாம் வகுப்பில் சேர்ந்த இரண்டாவது வாரம் என் மகள் கேட்ட கேள்வி இது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. எங்கள் சமூகத்தின் பெயர் மலையாளி என்று வகுப்பில் எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ‘மலையாளத்துல பேசு’, ‘தேன் எடுக்கப் போகலையா’ என்று தினமும் ஒரு கூத்து.

முதலில் அந்தத் தப்பைத் திருத்திவிடுகிறேன். மலையாளி என்றால் மலையை ஆள்பவர். நாங்கள் பட்டியல் பழங்குடியினர். தாய்மொழி தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது எங்கள் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

கிண்டலைப் பற்றிய தப்பான நம்பிக்கைகளைத் திருத்துவது இவ்வளவு சுலபமாக இல்லை. அவற்றை நானே நம்பியிருந்தேன்.

நம்பிக்கை: பிள்ளைகள் என்றால் அப்படித்தான், எல்லாம் விளையாட்டு.

காலையில் சண்டை போட்டு மாலையில் சேர்ந்து ஐஸ் வாங்கித் தின்றால் அது விளையாட்டு. பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் தொல்லையை 1970களிலிருந்து ஆராய்ந்த நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸ் அதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாதவரிடம் செய்வது. 1982இல் அந்த நாட்டில் இத்தகைய தொல்லைக்கு ஆளான மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் அரசு விழித்தது. மறுவருடமே நாடு முழுவதும் பள்ளிகளில் இதற்கு எதிரான இயக்கம் தொடங்கியது. உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாணவர் இந்தத் துன்பத்துக்கு ஆளாகிறார் என்று 2019இல் யுனெஸ்கோ கணக்குச் சொன்னது.

நம்பிக்கை: திருப்பி ஒண்ணு விட்டா அடங்கிடுவாங்க.

ஒருத்தி, எதிரே ஆறு பேர். எப்படி விடுவாள்? கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். பக்கத்தில் நிற்கும் இன்னொரு பிள்ளை குறுக்கே வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை 10 விநாடிக்குள் தொல்லை நின்றிருக்கிறது. என் மகளுக்கும் அப்படி ஒருத்தி வாய்த்தாள். ‘அவளுக்குப் பேர் இருக்குல்ல, பேரைச் சொல்லிக் கூப்பிடு’ என்று பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு குரல். அந்தச் சிறுமிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நம்பிக்கை: பட்டாத்தான் உரம் ஏறும், பொறுத்துப் போகட்டும்.

இதை நான் ஆழமாக நம்பியதற்குக் காரணம் உண்டு. 1976 வரை எங்கள் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. கூலியில்லாமல் உழைத்த தலைமுறை அது. தலை குனிந்து போனால் பிழைக்கலாம் என்பதுதான் அவர்கள் கற்ற பாடம். அதையே நான் என் மகளுக்குக் கொடுத்தேன்: ‘கண்டுக்காத, காதுல வாங்காத.’

ஞாயிற்றுக்கிழமை இரவானால் அவளுக்கு வயிறு வலிக்கும். பைக்குள் புத்தகங்களை அடுக்குவாள், எடுப்பாள், மறுபடி அடுக்குவாள். நான் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பேன். நாலு மாதம் இப்படிப் போனது. அவளுக்கு உரம் ஏறவில்லை. வகுப்பில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள்.

மாற்றம் வந்தது, ஒரு ராத்திரி அவளே ‘எழுதிக் கொடுக்கலாம்மா’ என்று சொன்ன பிறகு. புகாரைப் படித்த வகுப்பாசிரியை இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. தனித்தனியாகப் பேசினார், இடங்களை மாற்றினார். பிறகு எல்லோரையும் அவரவர் ஊரைப் பற்றிப் பேசச் சொன்னார். என் மகள் இரண்டு தீப்பெட்டி எடுத்துப் போனாள். ஒன்றில் உமியோடு சாமை, இன்னொன்றில் குத்திய சாமை. உரலில் குத்துவதையும் முறத்தில் புடைப்பதையும் கையாலேயே செய்து காட்டினாளாம். இப்போது எட்டாம் வகுப்பு. காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிறாள்.

நம்பிக்கை: புகார் கொடுத்தால் இன்னும் மோசமாகும்.

இந்தப் பயத்தை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவர் தனக்கு நடந்ததைப் பள்ளியில் சொன்னார். அன்றிரவே உடன் படித்தவர்கள் வீடு புகுந்து அவரையும் தங்கையையும் வெட்டினார்கள். சொன்னது அவர் தப்பில்லை. சொன்ன பிள்ளையைக் காக்கும் ஏற்பாடு இல்லாததே தப்பு. அந்த மாணவர் பிளஸ் டூவில் 469 மதிப்பெண் எடுத்தார். அந்தச் சம்பவத்தையொட்டி அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை, பள்ளி நல அலுவலர் என்று பல பரிந்துரைகள் அதில் உள்ளன.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. மருத்துவ மாணவர் நாவரசு 1996இல் ராகிங் கொடுமையில் கொல்லப்பட்ட பின் 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தை என்கிறது அது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு எந்தக் குழந்தையையும் மனத்தளவில் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது.

செய்தி வாசிக்கும் மகளைப் பார்த்து எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. அதைவிடப் பெரிய பெருமை, ‘எழுதிக் கொடுக்கலாம்மா’ என்று சொன்ன அந்த ராத்திரி.

ஞாயிறு இரவு உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வயிற்று வலி என்றால், ஓமத் தண்ணீர் கொடுத்த கையோடு பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நடந்ததைத் தேதி போட்டு எழுதிப் பள்ளியில் கொடுங்கள். பள்ளி அசையாவிட்டால் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.