காந்தத்தின் மேற்பரப்பு மின்னோட்டம்

மைசூருக்குக் கிழக்கே சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழுகின்றது. அங்கு மைசூர் அரசு நிறுவிய நீர்மின் நிலையத்திலிருந்து, 1902 ஆம் ஆண்டில், சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பப்பட்டது. இத்தகைய நிலையங்களின் மின்னாக்கிகளில் காந்தப் புலத்தை உண்டாக்கும் செப்புக் கம்பி, இரும்பின்மீதே சுற்றப்படுகின்றது. கம்பிச்சுருள் மட்டும் போதாதா? இரும்பு எதற்கு?

இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தமாகும். எலக்ட்ரான்களின் தற்சுழற்சியே இதற்குப் பெரிதும் காரணம். அணுக் காந்தத்தைச் சிறு வட்ட மின்னோட்டமாகக் கருதும் முறையை, எலக்ட்ரான் அறியப்படாத 1820-களிலேயே பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர் வகுத்தார்.

கரும்பலகையில் ஒன்றையொன்று ஒட்டிய பல கட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றினுள்ளும் ஒரே திசையில் சுற்றிவரும் அம்புக்குறிகளை இடுக. அடுத்தடுத்த இரு கட்டங்களின் பொதுக்கோட்டில் அம்புகள் எதிரெதிராகச் சென்று ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எஞ்சுவன வெளி விளிம்பைச் சுற்றிவரும் அம்புகளே. நீளவாக்கில் சீராகக் காந்தமாக்கப்பட்ட தண்டிலும் இவ்வாறே பக்கப் பரப்பைச் சுற்றி மட்டும் ஓர் ஓட்டம் எஞ்சுகின்றது. இதுவே கட்டுண்ட பரப்பு மின்னோட்டம் எனப்படும். காந்தமாக்கம் சீராக இல்லாவிடில், உட்பகுதியிலும் சிறிது எஞ்சும்.

முழுமையாகக் காந்தமாக்கப்பட்ட இரும்பில் இதன் அளவு, மீட்டர் நீளத்திற்குச் சுமார் 17 லட்சம் ஆம்பியர். அதாவது சென்டிமீட்டருக்கு 17,000 ஆம்பியர். சென்டிமீட்டருக்கு 10 சுற்றுகள் கொண்ட சுருளால் இதனைப் பெற, 1,700 ஆம்பியர் செலுத்த வேண்டும்; அத்தகைய மெல்லிய கம்பி உருகிவிடும். இரும்பிலோ, சுருளின் சிறிய மின்னோட்டம் அணுக் காந்தங்களை ஒரு முகப்படுத்தினால் போதும். எஞ்சிய பணியை அவையே செய்கின்றன.

“அவ்வளவு மின்னோட்டம் இருப்பின், காந்தம் ஏன் சூடாவதில்லை? அதனால் விளக்கை எரிக்கலாகாதா?” என மாணவர் வினவுவர். வினா நியாயமானதே. கம்பியில் எலக்ட்ரான்கள் அணுக்களுக்கிடையே நகர்ந்து செல்கின்றன. தடையினால் வெப்பம் பிறக்கின்றது. கட்டுண்ட ஓட்டமோ அந்தந்த அணுவிற்குள்ளேயே நிற்பது. அதனைக் கம்பி வழியே வெளியே எடுக்கவியலாது. அதற்குத் தடையுமில்லை, வெப்பமுமில்லை. எனினும், அது தரும் காந்தப் புலம் மெய்யானது.

சட்டக் காந்தத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் தனித்தனித் துருவங்கள் கிட்டாமையின் காரணமும் இதனால் விளங்கும். ஒவ்வொரு துண்டின் பக்கப் பரப்பையும் ஓட்டம் முன்போலவே சுற்றுகின்றது. சுருள் எத்துணைக் குட்டையாயினும், அதற்கு இரு முனைகள் உண்டன்றோ!